குயின்ஸ்டவுன் ஸ்கீ கிளாஸ்: ஒரு நாள் சம்பளத்தக் கொட்டிப் படிச்சேன், என் ரிவியூ

போன வாரம் பாசார் மாலாம்ல அப்பம் வாங்க வரிசையில நின்னுட்டு இருக்கேன், என் சித்தி மவ கேக்குறா, "அக்கா, அங்க லீவு நாள்ல என்னா செஞ்சீங்க, தூங்கித்தானே கழிச்சீங்க?"ன்னு. அவளுக்கு நியூசிலாந்து வொர்க்கிங் ஹாலிடே விசா கெடச்சிருச்சு, ஜூன்ல கெளம்புறா, குயின்ஸ்டவுன்ல ஒரு ரிசார்ட்ல ஹவுஸ்கீப்பிங் வேலை. நானும் 2024ல அதே ஊருல அதே வேலதான் செஞ்சேன். மொத ரெண்டு மாசம் லீவு நாள்ல நெசமாவே தூங்கிட்டுத்தான் கெடந்தேன், ஒரு நாளைக்கு 14 ரூம் கூட்டித் துடைச்சு மெத்தை விரிப்பு மாத்திட்டு வந்தா இடுப்பு விட்டுப் போயிரும். ஆனா ஆகஸ்ட்ல ஒரு செவ்வாக்கெழம ஸ்கீ கிளாஸ் போனேன், அதான் ரெண்டு கால்லயும் நீளப் பலகை மாட்டிக்கிட்டு பனியில சறுக்கக் கத்துக்கிறது, அந்த ஒரு நாளப் பத்தித்தான் எழுதுறேன். எனக்குத் தெரிஞ்சே நம்ம பெஸ்தாரி ஜெயா, கோல சிலாங்கூர் பக்கம் நாலஞ்சு பிள்ளைங்க இந்த வருசம் அந்த விசாவுக்குப் போட்டிருக்காங்க, ஆறு மாசமும் அந்த மலைய ரிசார்ட் ஜன்னல் வழியாவே பாத்துட்டு திரும்பி வந்துடாதீங்க, எனக்கு அந்த ரெண்டு மாசம் போனது இன்னமும் மனசுக்குக் கஷ்டமா இருக்கு.

மொதல்ல எடத்தப் பத்தி. குயின்ஸ்டவுன், வானாக்கா ரெண்டு ஊரையும் சுத்தி நாலு பெரிய ஸ்கீ மலை இருக்கு, கொரோனெட் பீக், ரிமார்க்கபிள்ஸ், கார்ட்ரோனா, டிரெபிள் கோன். இதுல கொரோனெட் பீக்தான் பழசு, 1947லேர்ந்து ஓடுது, டவுனுக்கும் ரொம்பப் பக்கம். சீசன் ஜூன் மாசம் தொடங்கி அக்டோபர் ஆரம்பம் வரைக்கும். நான் போனது இந்த நாலுல ஒண்ணு, எதுன்னு பேரு போடல, ஏன்னா ஒரு குறையும் சொல்லப் போறேன், ஒரே ஒரு நாள் போனத வச்சு பேரப் போட்டு எழுதுறது எனக்குச் சரியாப் படல.

காசு. அந்த வருசம் அங்க குறைஞ்ச சம்பளம் மணிக்கு 23 டாலர் 15 காசு, எட்டு மணி நேரத்துக்கு 185 டாலர், வரி வெட்டிட்டுக் கைக்கு வர்றது அதவிடக் கம்மி. அப்ப ஒரு டாலர் நம்ம மலேசிய வெள்ளியில ரெண்டரைக்கு மேல இருந்திச்சு. கிளாஸு, மலை மேல ஏத்தி விடுற லிஃப்ட்டு, வாடகைச் சாமான், பஸ்ஸு எல்லாம் சேத்தா என் ஒரு நாள் சம்பளம் முழுசும் போயி இன்னும் கொஞ்சம் கைய விட்டுப் போட்டேன். அம்மாகிட்ட போன்ல சொன்னதுக்கு "ஏம்மா, அந்தக் காசுல இங்க ஒரு மாசத்துச் சாமான் வாங்கிப் போட்டுரலாமே"ன்னாங்க. அவங்க இத்தன வருசமா செம்பனைக்குள்ள குனிஞ்சு உதிரிப்பழம் பொறுக்குனவங்க, அவங்களுக்கு அந்தக் கணக்குதான் வரும், நான் ஒண்ணும் எதுத்துப் பேசல. ஆனா போனேன்.

உடுப்புக்கு நான் அங்க ஒரு காசு செலவு பண்ணல. கெளம்புறதுக்கு முன்னாடியே நம்ம பக்கத்து பண்டில் கடையில ஜப்பான்லேர்ந்து வர்ற பழைய துணி மூட்டையில ஒரு ஸ்கீ ஜாக்கெட் கெடச்சிச்சு, 35 வெள்ளி, நீலக் கலரு, ஜிப்பு நல்லா இருந்திச்சு, துவைச்சு ரெண்டு நாள் காயப் போட்டேன். அதுல எடது கையில, மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேல, சின்னதா ஒரு பாக்கெட் இருந்திச்சு, போன் வைக்கவும் பத்தாது, இது எதுக்குத் தச்சிருக்கான்னு எங்க வீட்டுல யாருக்கும் புரியல. மலையில லிஃப்ட்டுக்குப் போற கேட்ல நின்னப்பதான் தெரிஞ்சிச்சு. டிக்கெட் கார்ட அந்தப் பாக்கெட்டுல போட்டுட்டுப் போனா கேட்டு தானாப் படிச்சுத் தொறக்குது, கையுறையக் கழட்டவே வேணாம். பண்டில் கடையில ஜாக்கெட் பாக்குறவங்க அந்தக் கைப் பாக்கெட் இருக்கான்னு பாருங்க, இருந்தா அது ஸ்கீக்குன்னே தச்சது, தண்ணியும் லேசுல உள்ள எறங்காது. ஜீன்ஸ் சிலுவார் மட்டும் போட்டுட்டுப் போயிராதீங்க, ஒரு தடவ விழுந்தா நனைஞ்சுரும், அப்புறம் நாள் பூரா நடுங்கணும்.

இப்ப நான் செஞ்ச தப்பு, அதுல கடைக்காரவங்க தப்பும் இருக்கு. மலையிலயே பூட்ஸு, ஸ்கீ எல்லாம் வாடகைக்குத் தர்றாங்க, ஆனா டவுன்ல ஒரு கடையில 20 டாலர் கம்மின்னு மொத நா சாயங்காலம் வேல முடிஞ்சு அங்க போனேன். ஒரே கூட்டம். கவுண்டர்ல நின்ன தம்பி என்னோட உயரம், எடை, வயசு, முன்ன ஸ்கீ பண்ணிருக்கேனான்னு கேட்டான், இது நாலும் உண்மையச் சொல்லணும், எடையக் குறைச்சுச் சொல்லவே கூடாது, ஏன்னா அந்தக் கணக்க வச்சுத்தான் பூட்ஸப் புடிச்சுக்கிற பிடிய முறுக்குறாங்க, நீங்க விழும்போது அது சரியான நேரத்துல கழண்டு ஸ்கீய விட்டுரணும், இல்லன்னா முழங்கால் திரும்பிக்கும். அது வரைக்கும் சரி. ஆனா பூட்ஸு அளவு அங்க சென்டிமீட்டர்ல வரும், என் காலு 23 அரை, போட்டுப் பாத்து "இறுக்கமா இருக்கு"ன்னு சொன்னேன், உடனே அவன் 25 அரை எடுத்துக் கொடுத்துட்டு அடுத்த ஆளப் பாக்கப் போயிட்டான். எனக்கு அது சுகமா இருந்திச்சு, நம்ம சப்பாத்து மாதிரி. குளுருமேன்னு ரெண்டு சாக்ஸ் வேற போட்டுக்கிட்டேன்.

மறுநா மலையில பத்து நிமிசத்துல தெரிஞ்சிருச்சு. நான் காலத் திருப்புறேன், உள்ள கால்தான் திரும்புது, பூட்ஸு அப்படியே நிக்கிது, குதிகால் வேற தூக்கிக்கிட்டு வருது. வாத்தியார் என் பூட்ஸ ஒரு தடவ ஆட்டிப் பாத்துட்டு இத வச்சு கத்துக்க முடியாதுன்னு என்னைய மேல உள்ள வாடகைக் கடைக்கு அனுப்பிட்டாரு. திரும்பவும் காசு கட்டினேன், டவுன்ல மிச்சம் புடிச்ச 20 டாலரு இங்க ரெண்டு மடங்காப் போயிருச்சு. மேல இருந்த பொண்ணு நல்லா சொல்லிக் கொடுத்தா: நேரா நின்னா வெரலு நுனி முன்னாடி லேசா இடிக்கணும், முட்டிய மடக்கினா வெரலு பின்னாடி வாங்கிக்கணும், குதிகால் அசையவே கூடாது. சாக்ஸ் ஒண்ணே ஒண்ணு, நீளமா, மெல்லிசா, சிலுவார் நுனி பூட்ஸுக்குள்ள போகக் கூடாது, மடிப்பு விழுந்தா அந்த எடத்துல நாள் முடியுறதுக்குள்ள புண்ணாயிரும். ரெண்டு சாக்ஸ் போட்டா ரத்த ஓட்டம் கெட்டு இன்னும்தான் குளுருமாம். மொத நாளுக்குப் போறவங்க தயவுசெஞ்சு மலையிலயே வாடகைக்கு எடுங்க, சரியில்லன்னா ஒடனே மாத்திக்கலாம்.

கிளாஸு. இதுதான் நான் எழுத வந்ததே. காலையில குரூப்புல நாங்க ஆறு பேரு, வாத்தியார் கனடாக்காரர், ஐம்பது வயசு இருக்கும், கனடாவுல குளிர்காலம்னா அங்க சொல்லிக் கொடுப்பாரு, அங்க வெயில் வந்துட்டா நியூசிலாந்துக்கு வந்துருவாராம். ரெண்டு மணி நேரத்துக்குக் கிட்ட ஒரு கிளாஸு. மொத இருவது நிமிசம் ஒரு காலுல மட்டும்தான் ஸ்கீ. ஒரு காலுல ஸ்கீ, இன்னொரு காலால தள்ளித் தள்ளி வட்டம் சுத்தணும், அப்புறம் கால மாத்தி திரும்பவும் வட்டம். அதுலயே வேர்த்து ஜாக்கெட் ஜிப்ப தொறந்துட்டேன், பனி மேல நின்னு வேர்க்கும்னு யாரு சொல்லிருந்தாலும் நம்பிருக்க மாட்டேன். அடுத்தது ரெண்டு காலுலயும் மாட்டிக்கிட்டு பக்கவாட்டுல படியேறுற மாதிரி மேட்டுல ஏறுறது. அடுத்தது விழுறது. ஆமா, விழுறதுக்கே தனியா சொல்லிக் கொடுத்தாரு: பின்னாடி உக்காராதே, பக்கவாட்டுல, மேட்டுப் பக்கமா சாயி, எழுந்திரிக்கும்போது ரெண்டு ஸ்கீயும் சரிவுக்குக் குறுக்க இருக்கணும், நேராக் கீழ பாத்திருந்தா நீ எழுந்திரிக்கிறதுக்குள்ள அது ஓடிரும்.

அப்புறம் நிக்கிறது. ரெண்டு ஸ்கீயோட முன் முனையும் கிட்டக்க, பின்னாடி ரெண்டும் அகலமா, பழைய அத்தாப்புக் கூரை மாதிரி. அங்க எல்லாரும் அத பீசாம்பாங்க, பீசாத் துண்டு வடிவமாம். குதிகால வெளிய தள்ளத் தள்ள உள்பக்க ஓரம் பனியில கடிச்சு வேகம் கொறையும், இன்னும் தள்ளினா நின்னுரும். கேக்க லேசு. ஆனா பயம் வந்தா ஒடம்பு தானாப் பின்னாடி சாயுது, பின்னாடி சாஞ்சா முன் பக்கத்துல கனம் இருக்காது, கனம் இல்லன்னா பனியில பிடிக்காது, பிடிக்கலன்னா இன்னும் வேகமா ஓடும், அதுல இன்னும் பயம் வரும். எனக்கு அதான் நடந்துக்கிட்டே இருந்திச்சு. அவரு என்ன செஞ்சாரு தெரியுமா, பையிலேர்ந்து மலை மேப்ப எடுத்து நாலா மடிச்சு என் முழங்காலுக்குக் கீழ உள்ள முன் எலும்புக்கும் பூட்ஸோட முன் நாக்குக்கும் நடுவுல சொருகிட்டாரு, "இது கீழ விழாம அந்தக் கயித்து வரைக்கும் போ, நிக்கிறதப் பத்தியெல்லாம் நெனைக்காத"ன்னாரு. அந்த மேப்பு விழக் கூடாதுன்னா முழங்கால முன்னாடி அழுத்தித்தான் ஆகணும், அழுத்தினா ஒடம்பு முன்னாடி வந்துரும். மூணு தடவ விழுந்திச்சு. நாலாவது தடவ விழல, நானும் கயித்துக்கு முன்னாடியே நின்னுட்டேன். அந்த மேப்பு ஓரம் நனைஞ்சு என் பூட்ஸு நாக்கோட அச்சு பதிஞ்சு இருந்திச்சு, கேட்டு வாங்கி வச்சிருக்கேன்.

இன்னொண்ணு. நான் ஸ்கீ நுனியவே பாத்துக்கிட்டுப் போனேன், அவரு பின்னாடிலேர்ந்து "காலப் பாக்காத, போற எடத்தப் பாரு"ன்னு கத்திக்கிட்டே வந்தாரு. அத கேட்டதும் எனக்கு எங்க அப்பா ஞாபகம். தோட்டத்துல பாரி மேல, அதான் தண்ணி ஓடுற வாய்க்கா மேல, ஒத்தப் பலகை போட்டிருக்கும்ல, செம்பனைக் குலைய கெரேத்தா சோரோங்ல ஏத்திக்கிட்டு அதுமேலதான் தள்ளிக்கிட்டு வரணும், ஒரு குலையே 20 கிலோ இருக்கும், மழை பேஞ்சா பலகை வழுக்கும். நான் சின்னப் பிள்ளையில அந்தப் பலகையில நடக்கப் பயந்து நின்னா அப்பா அந்தப் பக்கத்துலேர்ந்து சொல்லுவாரு, "பலகையப் பாக்காதடா, என் பின்னாடி உள்ள மரத்தப் பாத்துக்கிட்டே வா"ன்னு. பொம்பளப் பிள்ளையானாலும் என்னைய அவரு டா போட்டுத்தான் கூப்புடுவாரு. அதேதான் இது. அடுத்த தடவ கீழ இருந்த ஆரஞ்சுக் கம்பத்தப் பாத்துக்கிட்டே போனேன், வளைஞ்சு வளைஞ்சு அந்தக் கம்பத்துக்கிட்டயே போய் நின்னேன், கால் என்ன செஞ்சிச்சுன்னு எனக்கே தெரியாது. அங்கயே அழுகை வந்திருச்சு, கண்ணாடிக்குள்ள ஆவி புடிச்சுக்கிச்சு.

திரும்புறது அதுக்கப்புறம் லேசாயிருச்சு. எடது கால அழுத்தினா வலது பக்கம் போகும், வலது கால அழுத்தினா எடது பக்கம், அவ்வளவுதான், மொதல்ல மூளை மாத்தி மாத்திச் சொல்லும், பத்து தடவையில பழகிரும். மேல ஏறுறதுக்கு நடக்க வேணாம், நீளமா ரப்பர் பெல்ட் ஒண்ணு ஓடும், ஏர்போர்ட்ல இருக்குமே அது மாதிரி, அதுமேல நின்னா அதே கொண்டு போய் விட்டுரும். எத்தன தடவ வேணும்னாலும் ஏறலாம், கிளாஸ் முடிஞ்ச பிறகும் சாயங்காலம் வரைக்கும் அந்தப் பகுதியில வெளயாடிக்கலாம், அதனால காசு வீணாகல.

மத்தியானம் இன்னொரு கிளாஸ் எடுத்தேன், என் குறை இங்கதான். கூட்டம் ஜாஸ்தியாயி பதினோரு பேர ஒரே குரூப்புல போட்டுட்டாங்க, அதுல நாலு பேரு ஏற்கெனவே ரெண்டு நாள் படிச்சவங்க, ரெண்டு பேரு அப்பத்தான் மொதத் தடவ பூட்ஸ் போடுறவங்க. அந்த வாத்தியார் பாவம், யார வச்சுக்கிறது யார விடுறது, என் முறை வர ஏழெட்டு நிமிசம் நின்னுக்கிட்டே இருந்தேன், நின்னா குளிரு எலும்புக்குள்ள எறங்குது. காலையில கத்துக்கிட்டதுல கால்வாசி கூட அதுல கெடைக்கல. அவ்வளவு காசு வாங்குறவங்க அளவு பாத்துப் பிரிச்சு விட்டிருக்கணும், எனக்கு அதுல கோவம்தான். காலை கிளாஸ் போதும், மத்தியானம் நீங்களா பழகிக்குங்க. ஜூலையில போகவே போகாதீங்க, அங்க பள்ளிக்கூட லீவு ரெண்டு வாரம் வரும், ஒரே குடும்பக் கூட்டம். நம்ம லீவு நாளு எப்பிடியும் சனி ஞாயிறுல கெடைக்காது, அது இதுக்கு நல்லதாப் போச்சு, செவ்வா புதன்ல போங்க. செப்டம்பர்ல பனி காலையில கெட்டியா இருக்கும், மத்தியானம் வெயில்ல கொழகொழன்னு ஆயிரும், காலு சீக்கிரம் ஓஞ்சு போகும், அதுக்கும் காலை கிளாஸ்தான் சரி.

கூட வேல செய்யிற பசங்க "நாங்க சும்மாவே சொல்லித் தர்றோம்"பாங்க. போகாதீங்க. எங்க ஸ்டாஃப் வீட்டுல ஒரு பையன அப்பிடிக் கூட்டிட்டுப் போயி நேரா மேல லிஃப்ட்டுல ஏத்தி விட்டுட்டானுங்க, நிக்கத் தெரியாது, மணிக்கட்டு ஒடஞ்சு மூணு வாரம் வேல போயிருச்சு. நல்லா ஸ்கீ பண்றது வேற, சொல்லிக் கொடுக்கிறது வேற. மேல போனீங்கன்னா ஒரு விதிய மனசுல வச்சுக்குங்க, உங்களுக்குக் கீழ இருக்கிற ஆளுக்குத்தான் வழி, மேலேர்ந்து வர்ற நீங்கதான் ஒதுங்கிப் போகணும்.

அடிபட்டா என்னா செய்யிறதுன்னு அம்மா அப்பாமார் கண்டிப்பா கேப்பாங்க. அங்க ஏசிசின்னு ஒண்ணு இருக்கு, 1974லேர்ந்து நடக்குது, நம்ம சொக்சோ மாதிரி அடிபட்டவங்களுக்கு உதவுற அரசாங்கத் திட்டம்னு நெனைச்சுக்கலாம், வேல எடத்துல விழுந்தாத்தான்னு இல்ல, வெளயாடும்போது விழுந்தாலும் வைத்தியத்துக்கு உதவும், வெளிநாட்டுக்காரங்களுக்கும் உண்டு. சம்பளம் வாங்குற ஆளா இருந்தா ரெண்டாவது வாரத்துலேர்ந்து சம்பளத்துல 80 விழுக்காடு வரைக்கும் கொடுப்பாங்க. மொத வாரத்துக்கு லீவு நாள்ல விழுந்த அடிக்கு ஒண்ணும் வராது, அந்த ஒரு வாரச் செலவுக்குக் கையில காசு வச்சுக்குங்க. திரும்பி வர்ற டிக்கெட் மாத்துற செலவெல்லாம் அதுல வராது, அதுக்கு இன்ஷூரன்ஸ் தனியா வேணும், எடுக்கும்போது ஸ்கீ சேந்திருக்கான்னு படிச்சுப் பாருங்க.

மூணு மணிக்கு அந்தக் காலை வாத்தியார் என்னையப் பாத்துட்டு அவரு ஓய்வு நேரத்துல ஒரு தடவ சேர்லிஃப்ட்டுல கூட்டிட்டுப் போனாரு. உக்காந்து போகயில எந்த ஊருன்னு கேட்டாரு. எங்க ஊருகிட்ட தென்னமரம்னு ஒரு தோட்டம் இருக்கு, பேரு தென்னமரம், ஆனா மலேசியாவுலயே மொத மொதல்ல வியாபாரத்துக்குன்னு செம்பனை நட்டது அங்கதான், 1917லன்னு சொன்னேன். எங்க ஆயா அந்த லயத்துலதான் பொறந்தாங்கன்னும் சொன்னேன். கீழ வாக்காட்டிப்பு ஏரி தெரியுது, அந்தப் பக்கம் மலை மலையா வெள்ளை, இந்தக் கதைய அங்க உக்காந்து சொல்லுவேன்னு நான் நெனச்சதே இல்ல. எறங்கி பச்சை வட்டம் போட்ட பாதை, அதான் இருக்கிறதுலயே லேசு, ரெண்டு தடவ விழுந்து கீழ வரைக்கும் நானே வந்தேன்.

மார்க்கு: காலை கிளாஸுக்கு அஞ்சுக்கு அஞ்சு. மத்தியான கிளாஸுக்கு ரெண்டு. மேல உள்ள வாடகைக் கடைக்கு நாலரை, டவுன்ல உள்ள கடைக்கு ஒண்ணு. சாப்பாடு மேல வெலை ஜாஸ்தி, நான் சோறும் சம்பல் நெத்திலியும் டப்பாவுல கட்டிட்டுப் போயிட்டேன், யாரும் ஒண்ணும் சொல்லல. சன்ஸ்கிரீன் மறந்துராதீங்க, பனி வெயில திருப்பி அடிக்கும், தாடைக்கு அடியிலயும் மூக்குக்குக் கீழயும் தடவணும், நான் தடவாம அங்க ஒரு வாரம் தோலு உரிஞ்சிச்சு.

மறுநா 14 ரூம். மெத்தைக்குக் குனியும்போதெல்லாம் தொடை கத்திச்சு, ஒவ்வொரு கட்டிலாப் புடிச்சுப் புடிச்சுத்தான் முடிச்சேன். மத்தியானம் சூப்பர்வைசர்கிட்ட போயி அடுத்த செவ்வாக்கெழமையும் லீவு போட்டுக் கொடுங்கன்னு கேட்டு வாங்கிட்டேன். சித்தி மவளுக்கு அந்த நீல ஜாக்கெட்ட துவைச்சு மடிச்சு வச்சிருக்கேன், கைப் பாக்கெட் ஜிப்புக்கு மெழுகு தேச்சாச்சு, வந்து எடுத்துக்க. சாக்ஸ் மட்டும் புதுசா, நீளமா, ஒத்த ஜோடியா வாங்கிக்க.